பாட்டியின் கை

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ மட்ரிட் மியூசியத்திலிருந்து அனுப்பிய ஓவியத்தின் படத்தை அம்மாவின் போனில் பார்த்தேன். கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. கடைப் பையனிடம் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கினேன். ஐந்து நாளாகச் சாப்பாட்டு மேசையில்தான் கிடக்கிறது, அம்மா திட்டிக்கொண்டே சுற்றிவந்து துடைக்கிறாள்.

"மியூசியத்துல இருக்கறதெல்லாம் பொம்மைங்கப்பா, நம்ம ஊரு சுவத்துல இருக்கற பொண்ணுங்கதான் நிஜம்" என்று அன்றைக்குச் சொன்னாய். உடனே பதில் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான், சண்டை முடிந்து மூன்று நாள் கழித்துத்தான் வார்த்தை வரும்.

சரி, முதலில் உன் பொம்மை, நீ அனுப்பிய படத்தில் இருக்கும் ஜொவான்னா. இத்தாலிய ஓவியர் கிர்லாந்தாயோ வரைந்தது, படத்திலேயே 1488 என்று ஆண்டு எழுதியிருக்கிறது, 77-க்கு 49 சென்டிமீட்டர். அளவைப் பார்த்ததுமே எத்தனை அடி மரம் வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. முப்பத்தைந்து வருடம் படங்களுக்குச் சட்டம் போட்டவன் புத்தி வேறு எங்கே போகும்? பக்கவாட்டில் இருக்கிறாள், நம்மைப் பார்க்கவே இல்லை. கழுத்தில் பதக்கம். பின்னால் மாடத்தில் இன்னொரு நகை, பவள மணி, ஜெபப் புத்தகம். உடையில் புருஷன் லொரென்சோ பெயரின் முதல் எழுத்து. நம் வீடுகளில் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்களே, அதேதான். இது எங்கள் வீட்டுப் பொருள் என்று அடையாளம்.

ஆனால் நீ அனுப்பிய விவரத்தின் கடைசி வரியில் நின்றுவிட்டேன். அதே 1488-ல் இரண்டாவது பிள்ளைப்பேற்றில் இறந்துபோனாள், இருபது வயது நிறையவில்லை. பாப்பா, இந்த மாதிரிப் படத்துக்குத்தான் நான் வாழ்நாள் முழுக்கச் சட்டம் போட்டேன். பினாங்கு லிட்டில் இந்தியாவில் நம் கடைக்குப் பெண்களின் படம் வந்தது இரண்டு காரியத்துக்கு. ஒன்று கல்யாணம், இன்னொன்று கருமாதி. இரண்டாவதுதான் அதிகம். "பதினாறாம் நாளுக்குள்ள வேணும் அண்ணே, நகை தெரியற மாதிரி படமா பாத்து எடுத்திருக்கோம்" என்பார்கள்.

அவள் தலைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் பழைய ரோமாபுரிக் கவிஞன் மார்ஷியலின் வரி இருக்கிறது என்றாயே. கலையே, இவள் குணத்தையும் மனத்தையும் உன்னால் தீட்ட முடிந்தால் உலகத்தில் இதைவிட அழகான படம் இருக்காது என்று. அதை எழுதச் சொன்னவனுக்குத் தான் வாங்கிய படத்தில் என்ன இல்லை என்பது தெரிந்திருக்கிறது. அதனால்தான் எனக்கு அவளைப் பொம்மை என்று ஒதுக்க மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் முடிந்து, பையோடு அப்படியே முன்ட்ரி தெருவுக்குப் போனேன். உன் நீல உடைச் சிறுமியின் சுவரோவியத்தைப் பார்க்க. 2012 ஜார்ஜ் டவுன் விழாவுக்கு அந்த லித்துவேனியப் பையன் சக்கரேவிச் வரைந்தபோது நீயும் நானும் போய்ப் பார்த்தது நினைவிருக்கிறதா? சுவர் உயரத்துக்கு நிற்கிறாள். இரண்டு ஜன்னல்களின் மேல் கை ஊன்றித் தன்னைத் தானே தூக்கிக்கொள்கிறாள். நிறம் போய்விட்டது. கண்ணாடி கிடையாது, சட்டம் கிடையாது, நம் ஊர் மழைக்கு எது தாங்கும்? அங்கிருந்து ஆர்மேனியன் தெரு. நிஜ சைக்கிளைச் சுவரில் பொருத்தி, அதில் அக்காவும் தம்பியும். ஹேண்டில் அக்கா கையில். தம்பி பின்னால் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் சிரிப்பு. வெயிலில் வரிசை நின்று ஆளாளுக்குப் படம் எடுக்கிறார்கள். அரை மணி நேரம் நின்றேன், அந்தப் பிள்ளை யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜொவான்னாவுக்காவது ஐந்நூறு வருடமாகப் பெயர் நிற்கிறது.

இருந்தாலும் கையைப் பார்த்தால் நீ சொன்னதுதான் சரி. ஜொவான்னாவின் கைகள் முன்னால் சேர்ந்து சும்மா இருக்கின்றன. இந்தச் சுவர்ப் பிள்ளைகளின் கையில் வேலை இருக்கிறது. கடையில் ரவிவர்மா பாணி லட்சுமியையும் சரஸ்வதியையும் ஆயிரக்கணக்கில் சட்டம் போட்டிருப்பேன். அந்த மனுஷன் 1894-ல் அச்சகம் வைத்த பிறகுதான் அரண்மனைச் சாயல் முகங்கள் நம் சாமி அலமாரிக்கு வந்தன. அதிலும் வேலை செய்கிற கை சரஸ்வதிக்கு மட்டும்தான், வீணையில்.

ஊர்ச் சுவர்களில் நம் ஆட்கள் இல்லாமல் இல்லை. ஜூலியா வோல்ச்கோவா என்ற ரஷ்யப் பெண் வரைந்த இந்தியப் படகுக்காரரைப் பார்த்திருக்கிறாய். முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரியும். அவர் முன்னால் நிற்கும்போதெல்லாம், இவர் வீட்டுக்காரி எங்கே என்று கேட்கத் தோன்றும்.

அப்புறம், உன்னிடம் சொல்லாத ஒன்று. ஹாலில் இருக்கும் பாட்டி படத்துக்கு மூலம் நான் சின்னப் பையனாக இருந்தபோது ஸ்டூடியோவில் எடுத்தது. மடியில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். கழுத்துச் சங்கிலி அவருடையது இல்லை, ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியின் வீட்டம்மாவிடம் இரவல் வாங்கியது. கை அவருடையது. பால் வெட்டி வெட்டி முட்டி தடித்து, நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போன கை. பாட்டி இறந்தபோது பெரிது பண்ணுவதற்காக நானே படத்தை எடுத்து, ஸ்கேல் வைத்து, கையை வெட்டிவிட்டேன். நாலு பேர் பார்க்கிற படம், அசிங்கமாக இருக்கக்கூடாது என்று. சங்கிலியை விட்டுவைத்தேன்.

வெட்டிய துண்டைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. பிஸ்கட் டின்னில் ரசீதுகளோடு கிடந்தது. நாலு விரல் அகலம், ஓரத்தில் பூஞ்சை. அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், இரண்டு அட்டைக்கு நடுவில். வரையப்போவதாகச் சொன்னாயே, இதைப் பார்த்து வரை. செலோடேப் ஒட்டாதே, மஞ்சளாகிவிடும். கண்ணாடி போட்டால் படத்தில் தொடாமல் நடுவில் கொஞ்சம் இடம் விடு.

அம்மா ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள், தனிப் பார்சலில்.

அப்பா