மழலைகளுக்கும் பூங்காவில் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருவொற்றியூரில் வசிக்கும் நாங்கள், ஒன்றே முக்கால் வயது மகளுடன் கடந்த ஞாயிற்றுக்கிழமை, நகரின் தென்புறத்தில் உள்ள பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குச் சென்றிருந்தோம். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீட்டிக்கப்பட்டதால் பாதித் தொலைவு எளிதாயிற்று. மீதிக்குப் பேருந்தும் ஆட்டோவும் மாற வேண்டியிருந்ததால், வாயிலை அடையும்போதே குழந்தை களைத்துவிட்டாள்.

உயரத்தை அளந்து பார்த்து, அவளுக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். அதே உயரக் குறைவால் உள்ளே பெரும்பாலான ராட்டினங்களில் அவளை ஏற்றவில்லை. இந்த விதியை நான் குறைகூற மாட்டேன். இருக்கையின் பிடிக்கம்பி அத்தனை சிறிய உடலை இறுகப் பிடிக்காது என்பதால் அது இருந்தே தீர வேண்டும். என் வருத்தம் வேறு. நண்பகல் வெயிலில் அவளை உறங்க வைக்க ஒரு நிழலிடமோ, உடை மாற்ற ஒரு மேசையோ அங்கே இல்லை. வீட்டிலிருந்து கொண்டு சென்ற பருப்புச் சாதத்தை வாயிலிலேயே தடுத்துவிட்டார்கள். காரமில்லாத உணவோ உள்ளே கிடைக்கவில்லை. பேருந்து நிலையங்களிலேயே தமிழக அரசு 2015-இல் பாலூட்டும் அறைகளைத் திறந்துவிட்ட நிலையில், இவ்வளவு கட்டணம் பெறும் இடத்தில் என் மனைவி கழிவறை ஓரமாகத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு பாலூட்டியது மிகுந்த வேதனை அளித்தது.

அன்று எங்கள் மகள் மனம்விட்டுச் சிரித்தது, ஒரு நீரூற்றின் ஓரம் தேங்கிய தண்ணீரில் கால் நனைத்தபோதுதான். இத்தகைய எளிய விளையாட்டிடத்தையும், பாலூட்டும் அறையையும், குழந்தை உணவுக்கான அனுமதியையும் ஒவ்வொரு பூங்காவிலும் அரசு கட்டாயமாக்க வேண்டும்.

– ஒரு வாசகர், திருவொற்றியூர், சென்னை-19