நம் தோட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் இந்தக் குளிரிலும் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்துக்குப் பிறகு நிர்வாக சபை ஒன்பது தடவை கூடியது. அதில் இரண்டு தடவை சூம் வழியாக. குறிப்புகள் கோப்பில் இருக்கின்றன, தேநீர் நேரத்தில் பார்க்கலாம். உறுப்பினர் 46 பேர். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நாற்று வினியோகம் வழக்கம்போல மே மாத விக்டோரியா தின வார இறுதியில் நடந்தது. கத்தரியும் மிளகாயும் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. பயிற்றங்காய் நாற்று போதவில்லை என்று கோபித்தவர்களுக்கு: அடுத்த முறை கூடப் போடுவோம். கறிவேப்பிலையைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் காப்பாற்றுவது பற்றிய கூட்டத்துக்கு வந்தவர்கள் அதிகம், பிழைத்த மரங்கள் குறைவு. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி, மூன்று வருடமாக நம் குறிப்புப் புத்தகத்தில் ‘ஏனைய மூலிகைகள்’ என்று எழுதப்பட்டு வந்த விடயத்துக்கு வருகிறேன். அது கஞ்சா. இந்த ஆண்டு அதை அதன் பெயரிலேயே எழுதுவது என்று சபை முடிவெடுத்தது. ஐந்து பேர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு. எதிர்த்தவர்களின் காரணமும் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. இலங்கையில் நம் ஊர்ப் பத்திரிகையைத் திறந்தால் கேரளக் கஞ்சாவுடன் கடற்கரையில் பிடிபட்ட செய்தி கிழமைக்கொன்று வருகிறது. அந்தச் சொல்லை நம் சங்கத்தின் கடிதத் தலைப்புக்குக் கீழே எப்படி அச்சிடுவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பெயர் சொல்லாமல் வைத்திருந்ததால் நடந்தது என்னவென்றால், ஆளாளுக்குப் பின்வளவில் இரகசியமாக வளர்த்து, இரகசியமாகவே பிழை விட்டார்கள். நானும் அதில் ஒருவன்.

முதலில் சட்டம். 2018 ஒக்டோபர் 17 முதல் கனடாவில் வீட்டில் வளர்க்கலாம். ஒன்ராறியோவில் 19 வயதானவர் வளர்க்கலாம். ஒரு வீட்டுக்கு நான்கு செடி. தயவு செய்து கவனியுங்கள், ஒரு ஆளுக்கு அல்ல, ஒரு வீட்டுக்கு. நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் தகப்பனும் மகனும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் நான்கு நான்காக வாங்கி வந்துவிட்டார்கள். எட்டும் ஒரே ஜன்னலில் வந்து நின்றபோதுதான் விடயம் இருவருக்கும் தெரிந்தது. யாருடைய நான்கைப் பிடுங்குவது என்று இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லையாம். கடைசியில் அம்மா இரண்டு பக்கத்திலும் இரண்டிரண்டாகப் பிடுங்கினார்.

விதையோ நாற்றோ அனுமதி பெற்ற இடத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். வாடகை வீட்டிலும் கொண்டோ என்ற அடுக்குமாடி வீட்டிலும் இருப்பவர்கள் ஒப்பந்தத்தை வாசித்துப் பாருங்கள், பல இடங்களில் தடை உண்டு. விளைந்ததை விற்க முடியாது. இன்னொரு வளர்ந்தவருக்கு 30 கிராம் வரை சும்மா கொடுக்கலாம். வெளியில் கையில் கொண்டு போகக்கூடிய அளவும் அதே 30 கிராம்தான். கியூபெக்கில் வீட்டில் வளர்க்கவே கூடாது. அந்தத் தடை செல்லும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அங்கே வயதெல்லையும் 21. ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: ஒரு இலைகூடப் பெட்டிக்குள் போகக் கூடாது. இங்கிருந்து வெளியே கொண்டு போவதும் குற்றம், அங்கே இறங்கினால் அதைவிடப் பெரிய குற்றம். சங்கம் செடியோ பூவோ எதையும் வாங்காது, வைத்திருக்காது, பங்கிடாது. மூட்டுவலிக்கு நல்லதா என்று என்னிடம் தொலைபேசியில் கேட்காதீர்கள்; அது உங்கள் வைத்தியரிடம் கேட்க வேண்டியது.

சரி, அறுவடை.

சாதாரண வகைச் செடி இரவு நீளத் தொடங்கினால்தான் பூக்கும். நம் பக்கம் ஆகஸ்டில் பூ எடுக்கத் தொடங்கி, செப்டெம்பர் கடைசியிலோ ஒக்டோபர் நடுவிலோ வெட்டுக்கு வரும். உறைபனியும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் வாசலில் நிற்கிறது என்பதுதான் தலையிடி. ஒருவர் செடியை முன்வாசல் விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். இரவு முழுக்க வெளிச்சம் விழ, செடி இன்னும் கோடைகாலம் என்று நினைத்துக்கொண்டு ஆறடிக்கு வளர்ந்தது. பூ வரவில்லை, பனி வந்தது. விளக்கை நிறுத்தியிருந்தால் போதும்.

எப்போது வெட்டுவது என்பதில்தான் சண்டை அதிகம். பூவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நார் பழுப்பானால் வெட்டலாம் என்று பலர் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மழை பட்டாலும் கை பட்டாலும் நார் பழுப்பாகும். சரியான அடையாளம் பூவின் மேல் நிற்கும் பிசின் மணிகள். கண்ணுக்கு அது வெறும் மினுக்கமாகத்தான் தெரியும். முன்பு நகை வேலை செய்த நம் உறுப்பினர் ஒருவர், கல் பார்க்கும் தன் 30 மடங்குக் கண்ணாடியைச் செப்டெம்பர் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதற்குள்ளால் பார்த்தால் ஒவ்வொரு மணியும் தலை வைத்த குண்டூசி மாதிரி நிற்கிறது. முதலில் தண்ணீர்போலத் தெளிவு. பிறகு கஞ்சித் தண்ணீர் நிறம். கடைசியில் தேன் நிறம். பெரும்பாலானவை கஞ்சி நிறமாகி, அங்கொன்று இங்கொன்று தேனானதும் கத்தியை எடுக்கலாம். பூவின் மணியைப் பாருங்கள், இலையில் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இலையில் அது முந்தி முற்றிவிடும்.

இந்த முறை செப்டெம்பர் கடைசித் தூறலில் நாலைந்து வீட்டில் பூவழுகல் வந்தது. அதை அடையாளம் காண்பது இப்படி: தடித்த பூங்கொத்தின் நடுவில் ஒரு சின்ன இலை மட்டும் காரணமில்லாமல் வாடி மஞ்சளாக நிற்கும். மெதுவாக இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வரும். கொத்தைப் பிளந்தால் உள்ளே சாம்பல் நிறப் பஞ்சு. மயிர்க்கொட்டி புகுந்து எச்சம் போட்ட இடத்தில் பெரும்பாலும் இது தொடங்குகிறது. அந்த இடத்துக்குச் சில அங்குலம் கீழே வெட்டிக் குப்பையில் போடுங்கள், கத்தரிக்கோலையும் துடையுங்கள். ‘நல்ல பக்கத்தை மட்டும் எடுத்து வைப்போம்’ என்று அந்தக் கொத்தையே பிரித்துக்கொண்டிருந்தவரை நான் பார்த்தேன். பூஞ்சணத்தைப் புகைக்க யாருக்கும் தேவையில்லை. நான்கு நாள் மழை என்று வானிலையில் சொன்னால், ஒரு கிழமை முந்தி வெட்டுவது நட்டமில்லை.

கத்தரிப்பு. பெரிய விசிறி இலைகளை வெட்டிய உடனேயே எடுத்துவிடலாம், அதில் இரண்டு கருத்தில்லை. பூவோடு ஒட்டிய சின்ன இலைகளைப் பச்சையாக இருக்கும்போது எடுப்பதா, காய்ந்த பிறகா? இது வீட்டைப் பொறுத்தது என்பதே என் முடிவு. மழைக்காலத்தில் ஈரமான வீட்டுக்குள் கொண்டுவந்தால் பச்சையிலேயே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த இலைகள் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சணத்துக்கு விருந்து வைக்கும். ஒக்டோபரில் ஹீட்டர் போட்டுக் காற்று வறண்ட பிறகு வெட்டுகிறீர்கள் என்றால் இலையை விட்டுவைப்பது நல்லது. அது போர்வைபோல மூடிப் பூவை மெதுவாகக் காய விடும். கையுறை இல்லாமல் தொடங்காதீர்கள். அரை மணித்தியாலத்தில் கத்தரிக்கோல் வாய் திறக்காது, பிசின் அப்பிவிடும். அல்ககோல் தொட்ட துணியால் துடைத்துத் துடைத்து வேலை செய்ய வேண்டும். ஒரு வீட்டில் நாலு பேர் கூடி, கலியாண வீட்டுக்குப் பலகாரம் சுட இருப்பதுபோல வட்டமாக இருந்து கத்தரித்ததாக அறிந்தேன். சங்கம் ஒழுங்கு செய்ததல்ல. அழைப்பும் வரவில்லை.

காயப்போடுவதற்கு வருகிறேன். இதில்தான் நம் ஆட்கள் எல்லாரும் விழுந்தோம்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வெட்டி ஐந்து நாள் ஆகியிருந்தது. வெளியே தொட்டால் மொறுமொறு என்றிருந்தது. மொன்ரியலில் கலியாணம், அவசரம். எல்லாவற்றையும் கண்ணாடிப் போத்தல்களில் வாய்வரை அடைத்து, இறுக மூடி, நிலவறை அலுமாரியில் வைத்துவிட்டுப் போனேன். நாலு நாள் கழித்து வந்து முதல் மூடியைத் திறந்தேன். அமோனியா மூக்கில் அடித்தது. பழைய பஸ் நிலையத்துப் பின்சுவர் ஞாபகத்துக்கு வந்தது. வெளித்தோல் காய்ந்திருக்கிறது, நடுத் தண்டில் இருந்த ஈரம் முழுவதும் வெளியே வந்து உள்ளேயே அவிந்திருக்கிறது. ஆறு போத்தலும் குப்பைக்குப் போயின. நாலு மாதம் தண்ணீர் ஊற்றியதை நாலு நாளில் முடித்தேன்.

இதை ஒக்டோபர் கூட்டத்தில் சொன்னபோது, பெயரை எழுதக் கூடாது என்று வாக்களித்த இருவரில் மூத்தவர் எழுந்தார். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் அவர் குடும்பம் இரண்டு தலைமுறை புகையிலை செய்தது. “நான் இப்பவும் எதிர்ப்புத்தான். ஆனால் காயப்போடத் தெரியாமல் காயப்போடுறதைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது” என்று தொடங்கி, முக்கால் மணி நேரம் பேசினார். தேநீர் ஆறிப்போனது, யாரும் எழும்பவில்லை. புகையிலையைக் குடிலில் கட்டித் தொங்கவிட்டு, பொச்சுமட்டையில் புகை போட்டு, பிறகு அடுக்கிப் புரட்டிப் பாடம் செய்வார்கள். அடுக்கில் சூடேறி வேர்க்க வேண்டும், அதுதான் அதற்குக் குணம். “இதுக்கு வேர்க்கவே கூடாது, தம்பி. குவிச்சால் அவியும். ஒன்றோடு ஒன்று முட்டாமல் தொங்கவிடு. காற்று நடக்க வேணும், ஆனால் பூவில அடிக்கக் கூடாது.”

அவர் கைப்பக்குவத்தில் சொன்னதையும் நாம் ஈரப்பதமானி வைத்துப் பார்த்ததையும் சேர்த்தால் கணக்கு இப்படி வருகிறது. இருட்டான அறை. வெப்பம் 15 முதல் 20 பாகை வரை. ஈரப்பதம் 55 வீதத்துக்கும் 60 வீதத்துக்கும் இடையில். சின்ன மின்விசிறி ஒன்று, சுவரைப் பார்த்தபடி. கிளைகளாகத் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஏழு நாளுக்கும் பதினாலு நாளுக்கும் இடையில் காயும். மூன்று நாளில் காய்ந்தால் சந்தோஷப்பட வேண்டாம், வைக்கோல் மணம்தான் மிஞ்சும். வெயிலில் வற்றல் போடுவதுபோலப் பாயில் பரப்பியவரும் நம்மில் உண்டு. நிறமும் போனது, மணமும் போனது. மெல்லிய தண்டை வளைத்துப் பாருங்கள். டக்கென்று ஒடிய வேண்டும். கயிறுபோல வளைந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். பொருளாளர் தன்னுடையதை எடை போட்டும் பார்த்திருக்கிறார்: பச்சையில் 820 கிராம், காய்ந்து 180. கணக்குப் பார்க்கிற ஆள் எங்கேயும் கணக்குப் பார்ப்பார்.

அப்புறம் போத்தல். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். முதல் கிழமை காலையும் மாலையும் மூடியைத் திறந்து சில நிமிடம் காற்றாட விடுங்கள். உள்ளே 62க்கு மேல் ஈரப்பதம் காட்டினாலோ மூக்கில் ஏதாவது காரமாக அடித்தாலோ, கொட்டித் தட்டில் பரப்பி ஒரு நாள் விட வேண்டும். இரண்டாம் கிழமைக்குப் பிறகு இடைக்கிடை திறந்தால் போதும். ஒரு மாதம் போனால் மணம் முழுக்க மாறியிருக்கும். அதற்கு முன் திறந்து திறந்து ருசி பார்த்துத் தீர்த்தவர்கள் பெயர் இந்த அறிக்கையில் இல்லை.

மிஞ்சிய இலைத்தூளில் பியூட்டேன் விட்டு எண்ணெய் எடுக்கும் காணொளியை ஒருவர் வாட்சப் குழுவில் போட்டார். உடனே நீக்கினேன். வீட்டில் அது சட்டப்படி தடை, வெடிக்கவும் கூடியது. வெண்ணெயில் இறக்கிப் பலகாரம் செய்தவர்கள் அதைக் குசினி ஃபிரிட்ஜில் மற்றப் பலகாரத்தோடு வைக்கக் கூடாது. பெயர் எழுதி, பூட்டி வைக்க வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு லட்டு லட்டுத்தான். காயப்போடும் அறைக்கும் பூட்டு வேண்டும். நாய் உள்ள வீட்டில் இரண்டு மடங்கு கவனம்.

அயலவரிடமிருந்து மணம் பற்றி ஒரு முறைப்பாடு வந்தது. நம் உறுப்பினரும் துணைத் தலைவரும் ஒரு பை தக்காளியோடு போய்க் கதைத்தார்கள். அடுத்த வருடம் செடிகள் வேலியின் மற்றப் பக்கத்துக்குப் போகும் என்று பேசி முடிந்தது.

நிறைவேறாத வேலைகள் இரண்டு. நூலகத்தில் மண்டபம் எடுக்கும் விண்ணப்பம் இன்னும் போகவில்லை, அது என் பிழை. சங்கம் வாங்கிய மூன்று ஈரப்பதமானிகளில் இரண்டு திரும்பி வந்துவிட்டன. மூன்றாவதை ஒக்டோபர் 11ஆம் திகதி கையெழுத்து வைக்காமல் எடுத்துப் போனவர், இன்று காரில் கொண்டுவந்திருந்தால், கூட்டம் முடிவதற்குள் மேசையில் வைத்துவிடுங்கள். யாரென்று கேட்க மாட்டேன்.

இந்த அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்