பொடக்காலிப் பறவைகள்: நம் சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பெரியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். காசு பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மாதக் கூட்டங்கள் மழையில் தள்ளிப்போனவை போக ஒழுங்காக நடந்தன. 2024 ஆகஸ்டில் திருப்பூர் நஞ்சராயன் குளம், உலக முக்கிய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததும் வேன் பிடித்துப் போய்வந்தோம். ஈரோட்டு வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022லேயே ஏறிவிட்டது. அங்கே அடுத்த வருசம். 2025 பிப்ரவரி 14 முதல் 17 வரை உலகம் முழுக்க நடந்த வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்புக்கு அவரவர் பொடக்காலியில், அதாவது வீட்டுக் கொல்லையில், கால் மணி நேரம் உட்கார்ந்து எழுதினோம்.

அதிகம் பேசப்பட்டது வல்லூறுதான். அதைக் கண்ணால் தேடிப் புண்ணியமில்லை. அணில் விடாமல் கத்தி, தவிட்டுக்குருவிகள் முருங்கைக்குள் ஒடுங்கினால் தலையைத் தூக்குங்கள். மாசியில் ஒருநாள் எங்கள் துவைகல் மேலேயே நின்றது, காலடியில் ஒடக்கானை (ஓணானை) அழுத்திக்கொண்டு. மஞ்சள் கண், நெஞ்சில் செம்பழுப்புக் கோடுகள், பெட்டை. சேவலுக்குக் கண் சிவந்திருக்கும், உருவமும் சின்னது. தலையைத் தின்று முடிப்பதற்குள் பால்காரர் ஹாரன் அடிக்க, மீதியோடு வேம்புக்குப் பறந்துவிட்டது.

கோழிக்குஞ்சைத் தூக்குகிறதென்று கூட்டத்திலேயே புகார் வந்தது. பொய்யில்லை, தூக்கும். குஞ்சு பெரிசாகும்வரை கூடையில் கவிழ்த்து வையுங்கள் என்றேன். "நீயே வந்து கவுத்து வெச்சுட்டுப் போ கண்ணு" என்றார் ஒரு பெரியம்மா. தீர்மானம் ஏதும் நிறைவேறவில்லை.

கொரங்காட்டு (மானாவாரி மேய்ச்சல் நிலத்து) வெள்வேல மரத்துக்கு மேல் கருந்தோள் பருந்து ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, காலைத் தொங்கவிட்டபடி இறங்கியதைப் பிள்ளைகள் பார்த்தார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் எழுதவேண்டும். என் வீட்டு மச்சில் கூகை குடியிருந்தது. அது கக்கிப்போட்ட உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்ததில், ஒன்றிலேயே மூன்று எலி மண்டை. அப்படி ஒரு காவலாளை வைத்துக்கொண்டு, தவசத்துக்கு எலி வருகிறதென்று ஐப்பசியில் கடையில் எலிக்கட்டி என்ற எலி விஷத்தை வாங்கி வைத்தேன். அதைத் தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறையாமல் உள்ளுக்குள் கசிய, சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடுகிற எலிதான் கூகைக்கு லேசாகச் சிக்கும். எட்டாம் நாள் தென்னையடியில் கூகை கிடந்தது, அலகோரம் ரத்தத்தோடு. டாக்டரிடம் கொண்டுபோகவில்லை, எனக்குச் சந்தேகமும் இல்லை. கூகை கத்தினால் சாவு என்று வருசமெல்லாம் திட்டிய அம்மாதான், "குடியிருந்த சீவன்டா" என்று குழி தோண்டச் சொன்னார்.

உறுப்பினர் வீடுகளில் எலிக்கட்டி வைப்பதில்லை என்று மார்கழிக் கூட்டத்தில் ஒருமனதாக முடிவானது. முன்மொழிந்தவன் நான். சங்கத்தில் இரண்டு எலிப்பொறி இருக்கிறது. வேண்டுபவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம். திருப்பும்போது கழுவித் தரவும்.

மச்சு இன்னும் காலிதான்.

இப்படிக்கு,
செயலாளர்