காயலான் கடைக்குப் போகாத கப்பல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘போட்ரோக்’ போர்க்கப்பலுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். ஆசையாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். “பல கை மாறி இறுதியில் காயலான் கடையைச் சேர்ந்தது” என்ற கடைசி வரியில் காபி கசந்துவிட்டது.

எந்தக் காயலான் கடை ஐயா? 2021 நவம்பரிலிருந்து அது செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் அருங்காட்சியகம். மறு வருடம் அதன் தளத்தில் நானே நின்றேன். மருமகன் எடுத்த படம் கைவசம் இருக்கிறது.

நீங்கள் போட்ட படமோ அலை பொங்கும் நடுக்கடல்! போட்ரோக் 1904-ல் புடாபெஸ்ட் பக்கம் நீரில் இறங்கிய, ஆஸ்திரியா-ஹங்கேரியின் ஆற்றுக் கப்பல். நீருக்குள் அமிழ்வது சுமார் 1.2 மீட்டர், இடுப்பளவு. டான்யூப் ஆற்றின் மணல் திட்டுகளுக்காகவே அப்படிக் கட்டினார்கள். அப்படியும் 1918-ல் பெல்கிரேடை அடுத்த வின்சா அருகே தரைதட்டித்தான் செர்பியர்களிடம் சிக்கியது. 1914 ஜூலை 29 பின்னிரவில் பெல்கிரேடின் மீது குண்டு வீசி முதல் உலகப் போரைத் தொடங்கி வைத்த கப்பல்களில் ஒன்று அதே நகரத்துக்காரர்கள் கையில் சிக்கியதே, கதை அங்கேயல்லவா இருக்கிறது! நம் சென்னை மீது எம்டன் குண்டு போட்டது அதற்கு 55 நாள் கழித்துத்தான். (எம்டனைப் பற்றி முன்பு நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை “சுவையான தகவல், நன்றி” என்று ஒரு வரியாக்கினீர்கள். மறக்கவில்லை.)

புது எஜமானர்கள் வைத்த பெயர் ‘சாவா’, அங்கே ஓடும் ஆற்றின் பெயர். உங்கள் பிழைதிருத்துநர் அதை ‘சேவா’ ஆக்கிவிட்டார், ஏதோ அறக்கட்டளை மாதிரி. சாவா மருந்து என்கிறோமே, அந்தச் சாவா ஐயா! 1941 ஏப்ரலில் ஜெர்மானியர் கையில் கிடைக்கக்கூடாதென்று சொந்த மாலுமிகளே மூழ்கடித்தார்கள். ஜெர்மானியரின் குரோஷிய பொம்மை அரசு தூக்கி ஓட்டியது. 1944-ல் அதன் மாலுமிகளும் மூழ்கடித்தார்கள். யுகோஸ்லாவியா மறுபடி தூக்கி 1952 முதல் பத்து வருடம் ஓட்டியது. பிறகு ஜல்லி சுமந்தது. ஜல்லி சுமப்பது காயலான் கடையா?

31 வருடம் சரக்குக் கப்பல்களின் இன்ஜின் ரூமில் வெந்தவன் நான். கப்பல் கைமாறினால் முகப்பில் வெல்டிங்கில் மேடாக எழுதிய பழைய பெயரின் மேல் பெயிண்ட் அடித்துவிடுவார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது அது எழும்பித் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு கப்பலில் அப்படி மூன்று பெயர்கள். இதையெல்லாம் தாங்கள் அறியாதவரல்ல. அறிந்துமா இப்படி?

சமையல் இணைப்பில் உப்பு அளவு தப்பினால் மறு வாரமே கட்டம் கட்டித் திருத்தம் போடுகிறீர்கள். கப்பலுக்கு அது கிடையாது. போன தீபாவளிக்குக் கலங்கரை விளக்கத்தைத் தண்ணீர்த் தொட்டி என்று போட்டீர்கள்; இன்றுவரை பதில் இல்லை. சந்தா முடிவதற்கு மட்டும் மூன்று நினைவூட்டல் வருகிறது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில், ‘சேவா’ அல்ல ‘சாவா’, கப்பல் பெல்கிரேடில் இருக்கிறது என்று இரண்டு வரி போடுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டினாலும் அந்த இரண்டு வரியை வெட்டாதீர்கள்.

தங்கள் நீண்டகாலச் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி