ஓசோன் ஓட்டையால் சூடு வரவில்லை, சேர்

கொழும்பில் தமிழ் மொழிமூலம் விஞ்ஞானம் படிப்பிக்கும் சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும் வணக்கம்.

தரம் 10 படிக்கும் மகளின் ரியூஷன் கொப்பியைப் போன கிழமை புரட்டினேன். "ஓசோன் படையில் ஓட்டை விழுந்ததால் சூரிய வெப்பம் கூடுதலாக உள்ளே வந்து பூமி சூடாகிறது" என்று எழுதியிருந்தது, பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரி. எழுதிக் கொடுத்தவர் யாரென்பது இங்கே வேண்டாம். இதே வசனத்தை வேறு பிள்ளைகளின் கொப்பிகளிலும் பார்த்திருக்கிறேன்.

ஓசோன் தடுப்பது சூரியனின் கழியூதாக் (அல்ட்ரா வயலட்) கதிரை. அந்த ஓட்டைக்குக் காரணம் பழைய குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த வாயுக்கள். அவற்றைக் குறைக்கத்தான் 1987இல் மொன்றியலில் உடன்படிக்கை செய்தார்கள். அது தனிக் கதை. பூமி சூடாவதன் சிக்கல் வெப்பம் வெளியே போகும் வழியில் இருக்கிறது.

எங்கள் வீடு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நாலாம் தட்டில். மேற்குச் சுவர் பின்னேரம் முழுக்க வெயில் குடிக்கும். இரவு எட்டு மணிக்கு அந்தச் சுவரில் கை படாமல், இரண்டு விரற்கடை தள்ளி உள்ளங்கையைப் பிடித்தால் சூடு முகத்தில் அடிப்பது போல வரும். சுவர் வெளிவிடும் செந்நிறக்கீழ்க் கதிர், அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர், அதில் பெரும்பங்கு. பூமியும் இரவு பகலாக இதே மாதிரிக் கதிரைத்தான் வானத்துக்கு விட்டுக்கொண்டிருக்கிறது, அது தப்பிப் போவதால்தான் நாம் வேகாமல் இருக்கிறோம்.

காற்றில் பெரும்பகுதியான நைதரசனும் ஒட்சிசனும் இந்தக் கதிரைக் கண்டுகொள்வதில்லை. ஒரே மாதிரி இரண்டு அணுக்கள்தானே, எப்படி அதிர்ந்தாலும் மின்னேற்றம் ஒரு பக்கம் சாயாது. காபனீரொட்சைட்டு அப்படியில்லை. நடுவில் காபன், இரு புறமும் ஒட்சிசன், காவடித் தண்டு போல வளைந்து நிமிரும். அந்த ஆட்டம் ஏறத்தாழ 15 மைக்ரோமீற்றர் அலைநீளக் கதிரோடு பொருந்துகிறது. பூமி நிறைய வெளிவிடுவதும் அந்தப் பகுதியில்தான். கதிரை விழுங்கிய மூலக்கூறு பக்கத்து மூலக்கூறுகளில் மோதிச் சூட்டைப் பகிர்ந்துவிடும், பிறகு காற்று எல்லாத் திசைக்கும் கதிர் விடும், கீழேயும் தான்.

இது புதுசும் இல்லை. 1856இல் யுனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண் இந்த வாயு நிரப்பிய கண்ணாடி உருளையை வெயிலில் வைத்து, அது சாதாரண காற்றைவிடக் கூடுதலாகச் சூடாகி மெல்ல ஆறுவதைக் கண்டார். இந்த வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896இல் கணக்குப் போட்டுக் காட்டிய சுவீடன் விஞ்ஞானி அரீனியஸ் வேறு யாருமில்லை, உயர்தர இரசாயனத்தில் வருகிற அதே ஆள்.

மகள் கேட்டது இதைவிட நல்ல கேள்வி. காற்றின் பத்து இலட்சம் மூலக்கூறில் காபனீரொட்சைட்டு 420 சொச்சம்தானே இருக்கிறது, அந்தக் கொஞ்சமே அந்தக் கதிரை எல்லாம் விழுங்கிவிட்டால் இன்னும் சேர்ந்து என்ன ஆகும் என்று. வகுப்பில் கிடைத்த பதில், "சோதனைக்கு வராது."

வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, பதில் நுவரெலியாவில் இருக்கிறது. ஏறத்தாழ 1,900 மீற்றர் ஏறினால் ஸ்வெட்டர் தேவைப்படுகிறதல்லவா, மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது. கீழே எழும் கதிர் திரும்பத் திரும்ப விழுங்கப்பட்டு, காற்று ஐதாகும் உயரத்தில் இருந்துதான் கடைசியாக வெளியே தப்புகிறது. வாயு கூடினால் அந்த உயரமும் கூடும். அங்கே குளிர் அதிகம், குளிர்ந்தது குறைவாகத்தான் கதிர் விடும். சூரியனிடம் இருந்து வரவு அதே அளவு, செலவு குறைந்துவிட்டது. திரும்பச் சமப்படும் வரைக்கும் கீழே சூடாகத்தான் வேண்டும். கைத்தொழில் காலத்துக்கு முன் 280 அளவில் இருந்தது இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

அப்புறம் இந்தச் சூடாதலுக்குப் பெயராகிவிட்ட "பச்சைவீட்டு" உவமை. நுவரெலியாவில் கோவா, கரட் தோட்டங்களுக்கு நடுவே பொலித்தீன் வீடுகளைப் பிள்ளைகள் சுற்றுலாவில் பார்க்கிறார்கள். அவை சூடாக இருப்பது முக்கியமாகச் சூடான காற்று மேலே போய்விடாமல் அடைப்பதால். வளிமண்டலத்தில் அப்படிக் கூரை எதுவும் இல்லை. பெயரை இனி மாற்ற முடியாது, சரி, அந்த வித்தியாசத்தையாவது ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

அடுத்த தவணைச் சோதனையில் ஓசோன் ஓட்டையை விட்டுவிட்டு மேலே உள்ளதை எழுதப் போவதாக மகள் சொல்கிறாள். புள்ளி வெட்டுவீர்களா இல்லையா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில் இருந்து ஓர் அப்பா