அட்லஸ் தயாரிக்கும் ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

'உலகின் முக்கிய மலைத்தொடர்கள்' என்று நீங்கள் போடும் பக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்த அட்லஸைத் திறந்தாலும் அதே பட்டியல்: இமயமலை, எவரெஸ்ட், 8,849 மீட்டர். ஆண்டிஸ், அகோன்காகுவா, 6,961 மீட்டர். அப்படியே இறங்கி ரஷ்யாவின் யூரலில் நரோத்னயா, 1,895 மீட்டர். அத்தோடு சரி.

உயரம் வேண்டாம் என்று யார் சொன்னது? 8,000 மீட்டரைத் தாண்டும் 14 சிகரங்களும் இமயத்திலும் காரகோரத்திலும் மட்டும்தான் இருக்கின்றன. அது சின்ன விஷயமில்லை. ஆனால் அங்கே மட்டும் ஏன் என்பதற்கு உங்கள் பக்கத்தில் பதில் இல்லை. பூமியின் மேலோடு நகரும் பெரிய தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது; அதில் இந்தியத் தட்டு யூரேசியத் தட்டோடு மோதத் தொடங்கி ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன; இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறது. யூரலை உயர்த்திய மோதல் ஓய்ந்தோ இருபது கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அதன் பிறகு அதற்குத் தேய்மானம்தான். வயதுக்கென்று ஒரு கட்டம் சேர்த்தால் இது பார்த்தவுடன் புரியும். அமெரிக்காவின் அப்பலாச்சியனும் ஸ்காட்லாந்தின் மலைகளும் அட்லாண்டிக் பெருங்கடல் பிறக்கும் முன் ஒரே மலை வரிசையைச் சேர்ந்தவை என்பதையும் அப்போது காட்டலாம். இப்போது அவை இரண்டு கண்டங்களின் பக்கங்களில் சம்பந்தமே இல்லாமல் கிடக்கின்றன.

என் பெரிய மனக்குறை கடலுக்கடியில் இருக்கிறது. நிலத்தில் நீளமான தொடர் ஆண்டிஸ், சுமார் 7,000 கிலோமீட்டர். பெருங்கடல்களின் நடுமுகடோ பூமியைச் சுற்றி ஏறக்குறைய 65,000 கிலோமீட்டர் ஓடுகிறது. தட்டுகள் விலகும் இடத்தில் எரிகுழம்பு மேலேறிப் புதுத் தரையாக உறையும் மலைத்தொடர் அது. 1950களில் அமெரிக்க நிலவியலாளர் மேரி தார்ப் ஆழ அளவீடுகளை வைத்து அட்லாண்டிக்கின் அடித்தரையை வரைந்தபோது, முகட்டின் நடுவே, தரை இரண்டாக விலகுவதைக் காட்டும் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு தெரிந்தது. கூட வேலை செய்த புரூஸ் ஹீசனே முதலில் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு இருவருமாக உருவாக்கிய உலகக் கடலடி வரைபடம் 1977இல் வெளிவந்தது. இத்தனை காலம் கழித்தும் உங்கள் பட்டியலில் அந்த முகட்டுக்கு ஒரு வரி கிடைக்கவில்லையே! நீருக்குள் இருப்பதுதான் தடை என்றால், அதன் ஒரு பகுதி ஐஸ்லாந்தில் நிலமாகவே வெளியே தெரிகிறது.

அண்டார்டிகாவின் பனிக்கடியில் கம்புர்ட்சேவ் மலைகள் இருக்கின்றன. 1958இல் சோவியத் பயணக் குழு கண்டறிந்தது. ஆல்ப்ஸ் அளவுக்குப் பெரிய தொடர், மொத்தமும் பனிக்குள். அதற்கும் ஒரு வரி கொடுங்கள்.

இடம் போதாது என்பீர்கள். பாதிப் பக்கத்தை அடைத்திருக்கும் எவரெஸ்ட் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இடம் தானாக வரும். அடுத்த பதிப்பில் வயது, நீளம் இரண்டுக்கும் கட்டங்கள், முதல் வரியில் கடலடி முகடு. கேட்பது இவ்வளவுதான்.

இப்படிக்கு,
புதுப் பதிப்பு வந்தால் முதலில் மலைப் பக்கத்தைப் புரட்டும் ஒரு வாசகர்