தானாக அணையும் விளக்கு

கோயம்புத்தூர்
ஜூன் 19

அன்புள்ள வித்யாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நீ கேட்பாய் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

பத்து நாளைக்கு முன்னால் நீ அனுப்பிய செய்திக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. 'அம்மா, இங்க ஹால் லைட் நடுராத்திரி தானா ஆஃப் ஆகுது. ரெண்டு தடவை ஆயிடுச்சு. நீ உன் வீட்டுல இதையெல்லாம் எப்படி நிறுத்தின?' அவ்வளவுதான் எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் மூன்று வாரம் ஒன்றும் இல்லை, அதற்குப் பிறகும் ஒன்றும் இல்லை. பெரியம்மா பேத்தி காதுகுத்துக்கு ஒரு வரி வாழ்த்து அனுப்பியிருக்கலாம். எல்லோரும் கேட்டார்கள், வேலை அதிகம் என்று சொல்லி வைத்தேன். உனக்கான பதில் செல்லில் தட்டி முடிகிற பதில் இல்லை. அதனால் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். அவசரமாகப் பார்த்துவிட்டு மூடாதே.

முதலில் நம் வீட்டில் என்னவெல்லாம் நிறுத்தினேன் என்று சொல்கிறேன்.

கரண்ட் போய் வந்தால் எல்லா பல்பும் சேர்ந்து எரிவதுதான் எனக்கு முதல் தொல்லை. பிப்ரவரியில் ஒரு ராத்திரி மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. போன் ஆப்பிலிருந்தே இயக்கலாம் என்று நீ மாட்டிவிட்டுப் போன ஒன்பது ஸ்மார்ட் பல்பும் கல்யாண வீடு மாதிரி பளீரென்று எரிந்தன. யாரோ உள்ளே வந்துவிட்டார்கள் என்றுதான் எழுந்து உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால் பல்பு பாவம். கரண்ட் போய் வந்ததா, யாராவது சுவரில் சுவிட்சைப் போட்டார்களா என்று அதற்குப் பிரித்துத் தெரியாது. யாருக்கோ வெளிச்சம் வேண்டும் போல என்று எரிந்துவிடுகிறது. ஒவ்வொரு பல்பின் செட்டிங்கிலும் 'டூ நாட் டிஸ்டர்ப்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் அணைந்திருந்த பல்பு, கரண்ட் வந்தாலும் அணைந்தே இருக்கும். ஆனால் அதன் பிறகு சுவர் சுவிட்சை ஒரு தடவை போட்டால் எரியாது, அணைத்து மறுபடி போட வேண்டும். இது தெரியாமல் குளியலறை பல்பு போய்விட்டது என்று இரண்டு நாள் டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். ஒன்பதுக்கும் தனித்தனியாகப் போட வேண்டியிருந்தது. போட்டேன்.

மாடிப்படி பல்புக்கு வேறு கதை. மழைக் காற்றில் கரண்ட் மூன்று நான்கு தடவை வெட்டி வெட்டி வந்தது, அது வேகமாகச் சிமிட்ட ஆரம்பித்துவிட்டது. சுவிட்சைத் தொடர்ந்து மூன்று தடவை அணைத்துப் போட்டால் பழையதெல்லாம் மறந்து புதுசாகச் சேரக் காத்திருக்கும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். கரண்ட் வெட்டியதையும் அது அப்படியே எடுத்துக்கொண்டது. மறுபடி நானே சேர்த்தேன், வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு. உன்னைக் கூப்பிடவில்லை.

பொழுதுக்குத் தகுந்தபடி நிறம் மாறுகிற 'பயோரிதம்' என்பதையும் எடுத்துவிட்டேன். ராத்திரி எட்டு மணிக்குச் சமையலறை மஞ்சளடித்துப் போனால் அரிசியில் கல் தெரிவதில்லை.

பூஜை அறை வாசலில் ஒட்டினாயே சென்சார், அது நல்லதுதான், ராத்திரி தடுமாறாமல் நடக்கலாம். ஆனால் அப்பா படத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்த மூன்றாவது நிமிடம் விளக்கை அணைத்துவிடும். உடம்புச் சூடு நகர்வதைத்தான் அது பார்க்கிறது. அசையாமல் உட்கார்ந்திருந்தால் அதன் கணக்கில் அங்கே ஆளே இல்லை. மூன்று நிமிடத்தை முப்பதாக மாற்றினேன். பிறகு அந்தச் சேர்க்கையையே எடுத்துவிட்டேன்.

அப்புறம் ஜனவரியில் நீ கிளம்பிய அன்று நடந்தது. நான் உன்னிடம் சொல்லவில்லை. கார் தெருமுனை திரும்பி ஐந்து நிமிடம்கூட இருக்காது, வீடு முழுக்க விளக்கு அணைந்துவிட்டது. உன் போன் வீட்டை விட்டுப் போனால் எல்லாவற்றையும் அணை என்று நீ போட்டு வைத்திருந்தது அப்படியே இருந்திருக்கிறது. ஹாலில் உன் ஈரத் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். இருட்டில் அப்படியே நின்றேன். அதையும் எடுத்துவிட்டேன், அந்த ஆப்பில் நான் எடுத்த முதல் விஷயம் அதுதான்.

இனி வாசல் விளக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் முதல் வாரம் நீ அங்கிருந்து 'பழையது சரியா வேலை செய்யலைம்மா, புதுசா போட்டுட்டேன்' என்றாய். அதிலிருந்து வாசல் விளக்கு சாயங்காலம் எரியவே இல்லை. ராத்திரி நேரங்கெட்ட நேரத்தில் எரிந்தது. சித்திரைப் பிறப்பு அன்று ராத்திரி பன்னிரண்டே முக்கால். மே 15 ஒன்றே முக்கால். முப்பத்தி மூன்று வருடம் கணக்கு எடுத்தவளுக்குச் சும்மா இருக்க முடியுமா, நாட்காட்டித் தாளின் பின்பக்கம் தினமும் குறித்தேன். நாளுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் தள்ளிப் போனது. ஜூன் வந்ததும் அந்த ஓட்டம் குறைந்தது, ஒரு நிமிடம், அரை நிமிடம். கடைசியில் இரண்டு இருபத்தைந்தில் நின்றது. காலை ஒன்பதரைக்கு அணைந்தது. கூடிக் கூடி வந்து ஜூனில் நிற்பது சூரியன் அல்லாமல் வேறு என்ன? நம் ஊரில் வருடம் முழுக்க ஏறக்குறைய ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில்தான் பொழுது சாய்கிறது. இவ்வளவு ஓட வேண்டுமானால் அது வடக்கே வெகுதூரம் உள்ள ஊராக இருக்க வேண்டும். உன் ஊருக்கும் நமக்கும் உள்ள நாலரை மணி நேர வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தேன். இரவு ஒன்பது ஐம்பத்தைந்து. அது டப்ளினில் சூரியன் மறைகிற நேரம்.

நீ அங்கே உட்கார்ந்து போட்டதால் ஆப் உன் ஊரை எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த விதிக்குள் போனால் ஊர் பெயர் இருக்கிறது, அதைத் தொட்டுக் கோயம்புத்தூர் என்று மாற்றினால் முடிந்தது. ஒரு நிமிட வேலை. கண்டுபிடித்த பிறகும் சில நாள் நான் மாற்றவில்லை. ராத்திரி விழிப்பு வந்தால் வாசலில் வெளிச்சம் தெரியும், உனக்கு இப்போதுதான் இருட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு படுப்பேன்.

எதிர்வீட்டு அக்கா விடமாட்டேன் என்றுவிட்டார். ஒருநாள் காலையில் வந்து, 'ராத்திரி ரெண்டு மணிக்கு மேல விளக்கு எரியுதே, உடம்பு ஏதாச்சும் முடியலையா? மனசு சரியில்லையா?' என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஆப் தப்பு அக்கா என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கே மாற்றிவிட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஒரு விளக்கு தானாக அணைந்தால் மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். ஆப்பில் 'சீன்' பக்கத்தில் உள்ள விதிகள். அந்த பல்பின் உள்ளேயே தனியாக இருக்கும் டைமர். அலெக்சாவோடு சேர்த்திருந்தால் அங்கே ரொட்டீன் என்று வேறொன்று. ஒரு இடத்தில் எடுத்துவிட்டு, போய்விட்டது என்று இருந்துவிடாதே, மற்ற இரண்டையும் பார். எதை எடுப்பதற்கு முன்னாலும் சீன் பக்கத்திலேயே 'லாக்' இருக்கிறது, அதைத் திற. எந்த விதி எந்த நேரத்தில் ஓடியது என்று வரிசையாகக் காட்டும். மூன்று இடத்தையும் பார், மறக்காதே. வேளைக்குத் தூங்கு. ஜி.சி.டி. பொறியியல் கல்லூரியில் பரீட்சைக்கு முந்தின ராத்திரிகூடப் பத்து மணிக்குப் படுத்து முதல் வகுப்பில் வந்த பெண் நீ. உன் அப்பா அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

லாகில் ஜூன் 5, ஜூன் 8 இரண்டு நாளையும் பார்த்தால் ஒன்றும் இருக்காது, வித்யா. எந்த விதியும் ஓடவில்லை. உன் விளக்கு தானாக அணையவில்லை. நான்தான் அணைத்தேன்.

முதல் கார்த்திகைக்கு நீ என்னை உன் வீட்டிலும் சேர்த்தாயே, 'அம்மா, அங்கிருந்தே என் வீட்டுல விளக்கு ஏத்து' என்று. நான் இங்கே அகல் ஏற்றிவிட்டு உன் ஹால் விளக்கைத் தொட்டேன், நீயும் மாப்பிள்ளையும் வீடியோவில் கைதட்டினீர்கள். அதற்குப் பிறகு நீ என்னை எடுக்கவே இல்லை. மேலே வீட்டுப் பெயரைத் தொட்டால் இரண்டு வீடும் வருகிறது. ஏப்ரலில் வாசல் விளக்குக்காக ஆப்பைத் திறந்தபோது கை தவறி உன் வீடு வந்தது. ஹால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்குக் காலை ஏழரை, உனக்கு மூன்று மணி. மறுநாள் கை தவறவில்லை, நானாகத்தான் பார்த்தேன். அதற்கடுத்த நாளும். இரண்டு மாதமாகக் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அதைத்தான் பார்க்கிறேன். ஹால் விளக்கு எரியாமல் இருந்தது ஆறு நாள். படுக்கையறை விளக்கு மார்ச்சிலிருந்து ஆஃப்லைன் என்று சாம்பல் நிறத்தில் கிடக்கிறது.

ஜூன் 5 அன்று, தூங்கட்டும் என்று அணைத்தேன். குழந்தையில் உன் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு விளக்கை அணைப்பேனே, அந்த நினைப்பில் விரல் போய்விட்டது. ஒரு நிமிடத்தில் மறுபடி எரிந்தது. எட்டாம் தேதி மறுபடி அணைத்தேன். அப்போதும் எரிந்தது. ஐயாயிரம் மைலுக்கு அப்பால், ராத்திரி மூன்று மணிக்கு, விழித்து உட்கார்ந்திருக்கிற பெண்ணை இருட்டில் தள்ளியிருக்கிறேன். நீ பயந்திருப்பாய். அடுத்த நாள் நீ அந்தச் செய்தியை அனுப்பியபோது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பத்து நாள் ஆயிற்று.

இதுவும் முழுதல்ல. ஜனவரியில், கிளம்புவதற்கு முதல் நாள், மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது 'அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்' என்றாய். நான் 'முதல்ல கீழே அந்த மாடிப்படி பல்பைப் பாரு கண்ணு, சரியா எரியல' என்றேன். பல்பு நன்றாகத்தான் எரிந்தது. உன் முகத்தைப் பார்த்தே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது, மீதியைக் கேட்க எனக்குத் திராணி இல்லை. நீ இறங்கிப் போய் அரை மணி நேரம் அந்த பல்போடு உட்கார்ந்திருந்தாய், ஒன்றுமில்லையே அம்மா என்றாய். பொள்ளாச்சியிலிருந்து நான் பெட்டியோடு வந்து நின்றபோது உன் அம்மாயி எனக்கு என்ன செய்தாள் என்று உனக்குத் தெரியும். வாசலிலேயே காய் நறுக்கச் சொன்னாள். என் மகளுக்கு நான் அப்படி இருக்க மாட்டேன் என்று உன்னிடமே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அதையேதான் செய்தேன், காய்க்குப் பதில் பல்பு.

எதிர்வீட்டு அக்கா என் வாசலில் விளக்கைப் பார்த்து ஒரே நாளில் வந்து கேட்டுவிட்டார். நான் உன் விளக்கை இரண்டு மாதம் பார்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளையைப் பற்றி இதில் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஊறுகாய் போட்டிருக்கிறேன், எத்தனை பாட்டில் அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல், எவ்வளவு சொன்னாலும் சரி. இங்கே யாருக்கும் என்ன சொல்வது என்று நீ கவலைப்படாதே. அது என் வேலை.

என்னை உன் வீட்டிலிருந்து எடுக்க வேண்டுமானால் 'ஹோம் மேனேஜ்மென்ட்' என்ற இடத்துக்குப் போய், உன் வீட்டின் பெயரைத் தொட்டால், கீழே என் பெயர் இருக்கும். நீக்கிவிடு, நான் தப்பாக நினைக்க மாட்டேன். நானாகவே வெளியேறவும் அங்கே வழி இருக்கிறது. நேற்று அதுவரைக்கும் போனேன், அழுத்தவில்லை. உன்னிடம் சொல்லாமல் இன்னொன்று செய்ய வேண்டாம் என்று தோன்றியது. எடுக்கும்வரை விளக்கில் கை வைக்க மாட்டேன்.

டிசம்பரில் அங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்று நீதான் சொல்வாய். அதற்குள் நான் வருகிறேன், பாஸ்போர்ட்டில் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. வேண்டாம் என்றால் நீ வா. டிக்கெட்டுக்கு அப்பாவின் வைப்புத்தொகை ஆகஸ்டில் முதிர்கிறது.

நாளை ஏழரைக்கு நான் ஆப்பைத் திறக்க மாட்டேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். முழித்துக்கொண்டிருந்தால் கூப்பிடு, கண்ணு.

அம்மா